வேலி போட்டீர்கள் சரி, திட்டம் எங்கே? – டெல்டா வேளாண் மண்டல அதிகார அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல அதிகார அமைப்பின் தலைவராக இருக்கும் முதலமைச்சர் அவர்களுக்கும், உறுப்பினர்களாக இருக்கும் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் விவசாயப் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடைமடையில், அதாவது காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி எழுதுகிறேன். கட்சி மடல் இல்லை இது. 2020இல் சட்டம் கொண்டுவந்தது ஒரு ஆட்சி, அதற்கு அடுத்து வந்தது வேறு ஆட்சி. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நியாயம். மன்னார்குடியில் மீத்தேன், நெடுவாசலில் ஹைட்ரோகார்பன், கடலூர்–நாகை மாவட்டங்களின் 45 கிராமங்களில் பெட்ரோ கெமிக்கல் மண்டலம் என்று பத்து வருடம் நாங்கள் பந்தலில் உட்கார்ந்தே பழகிப்போயிருந்தோம். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020 பிப்ரவரியில் வந்தது. 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு, மைக்கேல்பட்டி என்று மூன்று பெயர்கள் வந்தபோது, மாநில அரசு இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் எதிர்த்தது. சில நாள்களிலேயே மூன்றும் பட்டியலிலிருந்து போயின. ஆக, வேலி ஒரு முறை வேலை செய்திருக்கிறது.

ஆனால் வேலி போட்ட தோட்டம் தானாக விளைந்துவிடாது. சட்டத்தின் பெயரிலேயே ‘மேம்பாட்டு’ என்று இருக்கிறது. சட்டத்தைத் திறந்தால் கண்ணில் படுவது, என்னென்ன வரக்கூடாது என்ற பட்டியல்: துத்தநாகம், செம்பு, அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்பாலை, எண்ணெய் எரிவாயு எடுப்பது, கப்பல் உடைப்பது. சரி, இவை வேண்டாம். அப்புறம் என்ன வரவேண்டும்? தண்ணீர் எந்த வழியாகப் போகவேண்டும், ஊர் எந்தப் பக்கம் வளரலாம், சாலை எங்கே மேடாகலாம், எங்கே கூடாது? இதையெல்லாம் டெல்டா முழுவதற்கும் சேர்த்து எழுதிய ஒரு திட்டம் எங்கள் ஊராட்சிக்கு இதுவரை வந்து சேரவில்லை. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே மண்டலத் திட்டம் என்று ஒன்று உண்டு. நகரங்களுக்குப் போடும் முழுமைத் திட்டம் வேறு, இது வேறு. அந்த ஏற்பாட்டை டெல்டாவுக்காகக் கையில் எடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. அதைத் தாலுகா எல்லையை வைத்துப் போடாமல் தண்ணீரை வைத்துப் போடுங்கள். அதிலும் பாசனத்தை விட வடிகாலை முதலில் வையுங்கள்.

வடிகால் என்றதும் உங்களில் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். சென்னையிலிருந்து பார்த்தால் டெல்டாவின் பிரச்சினை எப்போதும் மேட்டூரில்தான் தெரியும். ஜூன் 12இல் அணை திறந்தார்களா, கர்நாடகம் விட்டதா, இருப்பு எத்தனை டி.எம்.சி. என்பதோடு செய்தி முடிந்துவிடும். உண்மைதான், தண்ணீர் வராமல் குறுவை இல்லை. ஆனால் கடைமடைக்காரனைக் கேட்டுப் பாருங்கள். கடந்த சில வருடங்களில் காய்ந்து கெட்ட பயிர் அதிகமா, மூழ்கிக் கெட்ட பயிர் அதிகமா என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்.

தஞ்சாவூர் கடல் மட்டத்துக்கு மேல் ஐம்பது அறுபது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே வரவரத் தரை தட்டையாகிக்கொண்டே போய், தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் வந்தால் வயலும் கடலும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஐப்பசி, கார்த்திகையில் மேலே பெய்த மழை எல்லாம் எங்கள் வழியாகத்தான் போகவேண்டும். கடல் ஏற்றமாக இருக்கிற நேரத்தில் வடிகால் வாய் அடைத்துக்கொள்ளும். வற்றம் வருகிற சில மணி நேரத்தில் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவுதான் லாபம். நட்டு இருபது நாளான சம்பா நாற்று நாலைந்து நாள் தலை முழுகிக் கிடந்தால் அழுகும். அந்தச் சில மணி நேரத்தில் ஓடவேண்டிய தண்ணீரை ஒரு குறுகலான குழாய்ப்பாலம் தடுத்தால் போதும், ஒரு ஊரின் சம்பா போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. டெல்டாவில் மேலே இருப்பவனுக்கு வடிகால் என்பதே கீழே இருப்பவனுக்குப் பாசன வாய்க்கால். ஒரே வாய்க்கால் ஆடியில் தண்ணீர் கொண்டுவரும், கார்த்திகையில் கொண்டுபோகும். அதனால்தான் ஒரு ஊரில் வாய்க்காலைத் தூர்த்தால் மேல் ஊர் மூழ்கும், கீழ் ஊர் காயும். நீர்வளத் துறையில் இவற்றை ஏ, பி, சி, டி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆறும் பெரிய வாய்க்காலும் நீர்வளத் துறைக்கு. வயலுக்குள் நுழையும் சி, டி வாய்க்கால்களுக்கு வேளாண் பொறியியல் துறை வரும், நூறு நாள் வேலை ஆட்கள் வருவார்கள், சில வருடம் யாருமே வரமாட்டார்கள். தூர்வாரும் வேலை ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கி, அளந்து பார்ப்பதற்குள் ஜூனில் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். எவ்வளவு ஆழம் வாரினார்கள் என்று தண்ணீருக்கடியில் போய்த்தான் பார்க்கவேண்டும்! மழைக்காலம் முடிந்த கையோடு, தையிலேயே அளவெடுத்து மாசியில் தொடங்கினால் என்ன கெட்டுவிடும் என்று எங்கள் ஊர்க் கூட்டங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். நிதி ஒதுக்கீடு, டெண்டர் என்று பதில் வரும். வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் நிதியாண்டு பார்த்து வளர்வதில்லை.

ஆற்றை முழுசாக எடுத்துச் செய்த வேலை ஒன்று உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 2016இல் ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடன் தந்தது. வெண்ணாறு உப வடிநிலத்தில் ஹரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றை அகலப்படுத்தி, கரையை உயர்த்தி, ரெகுலேட்டர்களைப் புதுப்பிக்கும் திட்டம் அது. தலையிலிருந்து கடல் வரை ஒரு ஆற்றை ஒரே கணக்காகப் பார்த்தது நல்ல முறை. ஆனால் எங்கள் பக்கம் ஆறு அகலமானதே தவிர, அதில் வந்து விழும் சின்ன வாய்க்கால்கள் பழையபடியே கிடக்கின்றன. பெரிய ஆறு தயாராக நிற்கிறது, வயல் தண்ணீர் அதுவரை போய்ச் சேர வழியில்லை. மண்டலத் திட்டம் என்று ஒன்று போட்டால் அது கீழிருந்து, டி வாய்க்காலிலிருந்து தொடங்கவேண்டும்.

இனி சாலைக்கு வருகிறேன். டெல்டாவின் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரும் நான்குவழிச் சாலை வடக்கிலிருந்து தெற்கே, கடலை ஒட்டி வருகிறது. அதாவது கடலுக்குப் போகும் ஒவ்வொரு ஆற்றையும் வடிகாலையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, மேடாக. 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழைக்கு எந்த வடிகாலும் திணறும், சாலைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அப்படி ஒரு மழை இனி வராது என்று யாராவது எழுதித் தருவார்களா? ஒரு மேட்டுச் சாலையில் எத்தனை இடத்தில், எத்தனை அகலத்தில் தண்ணீர் வழி விடவேண்டும் என்பதை நெடுஞ்சாலைத் துறையும் ஒப்பந்தக்காரரும் மட்டும் முடிவு செய்யக்கூடாது. உங்கள் அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் டெல்டாவுக்குள் ஒரு குழாய்ப்பாலம்கூட வரக்கூடாது என்று ஒரு விதி போடுங்கள். சாலைக்கு நாங்கள் எதிரி இல்லை. நெல்லும் மீனும் அதில்தான் போகின்றன.

சாலை வந்த இடத்தில் மனை வரும். மேட்டுச் சாலையை ஒட்டி இரண்டு போகம் விளைந்த நஞ்சையில் செம்மண் கொட்டி, வண்ணக் கொடி கட்டி, மனைக்கல் நட்டுவிடுகிறார்கள். நில உபயோக மாற்றத்துக்கு வேளாண் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும் என்பதெல்லாம் இருக்கிறது. அந்தச் சான்று சர்வே எண் வாரியாகத் தரப்படுகிறது. இந்த எண்ணில் மூன்று வருடமாகச் சாகுபடி இல்லை, எனவே ஆட்சேபம் இல்லை. ஏன் சாகுபடி இல்லை என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து எண்ணில் மனை போட்டவர் நடுவில் இருந்த இரண்டடிக் கண்ணி வாய்க்காலைச் சேர்த்து மூடிவிட்டார், அதனால் இல்லை. அந்த வாய்க்கால் வரைபடத்தில் புறம்போக்காகக்கூட இருக்காது, நான்கு தலைமுறையாக வழக்கத்தில் ஓடிய வாய்க்கால். அதற்கு மேலே ஏழெட்டு ஏக்கர்காரர்களுக்கு வடிய வழி இல்லை. இரண்டு சம்பா தோற்றபின் அவர்களும் மனைக்காரரைத் தேடிப் போகிறார்கள். யாரையும் மிரட்டி வாங்கவில்லை, சட்டமும் மீறப்படவில்லை, நிலம் மட்டும் போய்விடுகிறது. உங்கள் தடைப் பட்டியலில் செம்பு உருக்காலை இருக்கிறது. டெல்டாவில் செம்பு உருக்க வரிசையில் யாரும் நிற்கவில்லை. மனை போட நிற்கிறார்கள்.

ஊர் வளரக்கூடாது என்று சொல்லவில்லை. கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் வீடு வேண்டும், பேருந்து நிலையம் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும். எந்தத் திசையில், எந்த மேட்டு நிலத்தில் என்று நீங்கள் முன்கூட்டிக் குறித்துக் கொடுத்தால் அந்தப் பக்கம் வளரும். குறிக்காமல் விட்டால் சாலை போகிற பக்கமெல்லாம் வளரும்.

மண்டலத்தின் எல்லையைப் பற்றியும் பேசவேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் (அதிலிருந்து பிரிந்த மயிலாடுதுறை), கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்கள். திருச்சி, கரூர், அரியலூர் வெளியே. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு மேலணை எந்த மாவட்டத்தில் இருக்கிறது? திருச்சியில். 2018 ஆகஸ்ட் 22 இரவு மேலணையின் கொள்ளிடம் பகுதியில் ஒன்பது ஷட்டர்கள் தூணோடு அடித்துக்கொண்டு போயின. ஆங்கிலேயர் காலத்து அணை, வயதாகிவிட்டது என்றார்கள். மணல் அள்ளி அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்தால் புது அணைக்கும் அடித்தளம் ஆடும். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தால் கடல் தண்ணீர் மேலே ஏறும். அதைத் தடுக்க ஆதனூர்–குமாரமங்கலத்தில் கதவணை கட்ட வேண்டியிருந்தது. மேலே எடுத்த மணலுக்குக் கீழே கான்கிரீட்டாகச் செலவு செய்கிறோம். அணை உடையும் இடமும் மணல் போகும் இடமும் சட்டத்துக்கு வெளியே இருந்தால், உள்ளே இருக்கும் நாங்கள் எதற்குப் பாதுகாக்கப்படுகிறோம்? நிலக்கரிப் பட்டியலில் இருந்த மைக்கேல்பட்டியும் அரியலூர் மாவட்டம்தான். அன்று தப்பித்தது சட்டத்தால் அல்ல. எல்லையை விரிக்க இந்த ஒரு காரணம் போதும்.

கடல் பக்கம் இறால் பண்ணை. இந்தக் கதை பழையது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வணிக இறால் பண்ணைகள் கூடாது என்றது. வழக்கு முதன்மையாக எங்கள் கடற்கரையிலிருந்துதான் போனது. 2005இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, பதிவு செய்துகொண்டால் நடத்தலாம் என்று ஆக்கியது. இன்று பண்ணைக்கு உப்புத் தண்ணீர் போகும் வாய்க்காலும் எங்கள் வயலுக்கு வரும் வடிகாலும் சில இடங்களில் ஒன்றாகிவிட்டன. பண்ணை வைத்தவரும் ஊர்க்காரர்தான், கடன் வாங்கித்தான் வைத்திருக்கிறார், அவரை விரட்டச் சொல்லவில்லை. எந்த வாய்க்காலில் உப்புத் தண்ணீர் ஏற்றலாம், எதில் கூடவே கூடாது என்று கோடு போட்டுக் கொடுங்கள் என்கிறேன். அது மீன்வளத் துறையின் வேலை, நீர்வளத் துறையின் வேலை என்று இரண்டு பக்கமும் தட்டிவிடாமல் முடிவெடுக்கத்தானே இரண்டு துறைகளுக்கும் மேலே ஒரு அமைப்பு?

நிலத்தடி நீருக்கும் இது பொருந்தும். 2018 காவிரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நம் பங்கைக் குறைத்தது. தலைமடையில் போர்செட் போட்டால் நல்ல தண்ணீர் வரும். எங்கள் ஊரில் போட்டால் உப்பு வரும். அந்தப் பத்து டி.எம்.சி. யார் நிலத்துக்கு அடியில் இருக்கிறது என்று தீர்ப்பு பிரித்துச் சொல்லவில்லை. ஆற்றுத் தண்ணீர் குறைந்தால் நட்டம் மட்டும் கடைமடையில் வந்து நிற்கிறது. திட்டம் போடும்போது போர்செட் உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் ஒரே பத்தியில் எழுதிவிடாதீர்கள். குறுவைக்கு முறைப்பாசனம் வைத்தால் கடைமடையிலிருந்து முறை தொடங்கட்டும்.

மழைத் தண்ணீர் கடலுக்குப் போனால் வீண் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது பேட்டி கொடுக்கிறார்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் கோடியக்கரைச் சதுப்புக்கும் நன்னீர் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே மீன் குஞ்சு தங்கும், உப்பும் உள்ளே ஏறாமல் நிற்கும். கதவணை கட்டும்போது இதற்கும் ஒரு பங்கு எழுதி வைக்கவேண்டும். மேற்கொண்டு இதைப் பற்றிச் சொல்ல என்னை விட அந்தப் பக்கத்து மீனவர்களுக்குத் தகுதி அதிகம், அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

விளைந்த பிறகு நடப்பதையும் ஒரு வார்த்தை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் எடுப்பார்கள். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில், மழையோடு வருகிறது. அதனால் மழை பெய்தால் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம், அங்கிருந்து குழு, குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும் படம், அதற்குள் நெல் முளைத்திருக்கும். ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துக்கும் ஒரு கூரை போட்ட களமும் ஒரு உலர்த்தும் இயந்திரமும் இருந்தால் இந்த நாடகத்தில் பாதி குறையும். வாங்கிய நெல்லும் இங்கே தங்குவதில்லை. தஞ்சாவூரிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் சரக்கு ரயிலில் வெளி மாவட்டங்களுக்கு அரவைக்குப் போகிறது. தவிடும் குருணையும் உமியும் அங்கேயே நின்றுவிடுகின்றன, அதை வைத்து நடக்கக்கூடிய தொழிலும் அங்கேதான். திருச்சிக்கும் நாகைக்கும் இடையே வேளாண் தொழில் பெருந்தடம் என்று வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தீர்கள். நல்ல எண்ணம். அந்தப் பெருந்தடம் முதலில் அரவை ஆலை, உலர்களம், கிடங்கு என்று எங்கள் நெல்லிலிருந்து தொடங்கட்டும். வேலை இல்லாத பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டு, நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கவும் ஆள் இல்லாமல் போனால், எந்தச் சட்டம் எந்த வயலைப் பாதுகாக்கும்?

அப்புறம் ஒரு பயம். 2023இல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட சிறப்புத் திட்டங்களுக்குள் நீர்நிலை வந்தால், அதையும் சேர்த்துக் கொடுத்துவிட வழி செய்யும் சட்டம். நீரோட்டம் பாதிக்காதபடி திட்டக்காரரே பார்த்துக்கொள்வாராம். டெல்டாவில் நூறு ஹெக்டேர் எடுத்தால் அதற்குள் வாய்க்கால் இல்லாமல் இருக்காது. அந்தச் சட்டம் உங்கள் மண்டலத்துக்குள் செல்லாது என்று ஒரு வரி அரசாணை போட்டால் எங்களுக்குத் தூக்கம் வரும்.

இத்தனையும் ஒரே நாளில் ஆகாது என்று தெரியும். முதல் வேலையாக வடிகால் வரைபடம் ஒன்று போடுங்கள். முக்கொம்பிலிருந்து கடல் வரை, ஏயிலிருந்து டி வரை, வழக்கத்தில் ஓடும் கண்ணி வாய்க்கால் உட்பட. ஏற்றக் காலத்தில் தண்ணீர் எவ்வளவு மட்டத்தில் நிற்கும், எந்த வயலில் எத்தனை நாள் நிற்கும் என்பதோடு. அதை அரசிதழில் வெளியிட்டு, நெடுஞ்சாலைத் துறை, நகர் ஊரமைப்புத் துறை, மீன்வளத் துறை, பத்திரப் பதிவு அலுவலகம் என எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஆவணமாக்குங்கள். அதில் நீலக் கோடு இருந்தால் அங்கே மனை பதிவாகக்கூடாது, சாலை மேடாகக்கூடாது.

வரைபடத்தைச் செயற்கைக்கோள் படம் வைத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். செடி மூடிய வாய்க்கால் வானத்திலிருந்து வயலாகத்தான் தெரியும். வரைவை ஒவ்வொரு ஊராட்சிக்கும் அனுப்புங்கள், நவம்பர் 1 கிராம சபையில் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மழை நடுவில் வரும் கூட்டம் அது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அன்றைக்கு யாரும் யோசித்துச் சொல்லவேண்டியதில்லை. எங்கள் ஊரில் நீராணிக்கமாக மடை பார்த்த பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். பென்சில் கொடுத்தால் திருத்தித் தருவார்கள். துறையிலிருந்து கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவரை மட்டும் அன்று அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.